யார் அனுப்பிய வாடிக்கையாளர்?
இணையதள விற்பனையில் அடையாளக் குறி

மொத்த வியாபாரியே இணையதளம் திறந்து வீட்டுக்கே சரக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டால் சில்லறைக் கடைக்காரரின் கதி என்ன? இந்தக் கேள்வி இப்பொழுது நம் வட்டாரத்தில் பலமாக அடிபடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், மாத்தூர், வல்லம் பகுதிகளில் கடை நடத்தும் நண்பர்கள் சிலர் இதை என்னிடமே நேரில் கேட்டுவிட்டார்கள். அடியேன் பாத்திரம், பிளாஸ்டிக் சாமான், பாய், தலையணை இவற்றை மொத்தமாக விற்பவன். என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் நன்றாக இருந்தால்தான் என் கிட்டங்கியில் சரக்கு நகரும். ஆகவே இந்தக் கேள்வி அவர்களுக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு எனக்கும் முக்கியம்.

இதற்கு வழி உண்டு. இணையதள லிங்க்கில் சேர்க்கப்படும் ஒரு சிறிய அடையாளக் குறிதான் அது. இந்த வாடிக்கையாளர் யார் சொல்லி வந்தார் என்பதை அந்தக் குறி காட்டிக்கொடுக்கும். அதைக் கொண்டு, ஆள் அனுப்பியவருக்கு உரிய கமிஷனைக் கணக்குத் தவறாமல் கொடுக்கலாம். பெரிய கம்பெனிகள் ஏறத்தாழ முப்பது வருடமாக இதைச் செய்து வருகின்றன. அமெரிக்காவின் அமேசான் 1996லேயே, பிறர் தங்கள் இணையதளத்தில் புத்தகத்தைப் பரிந்துரைத்து அதன் மூலம் விற்பனை நடந்தால் அவர்களுக்கு கமிஷன் என்ற திட்டத்தைத் தொடங்கிவிட்டது. நம் போன்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றினாலும் வேலை ஒன்றும் கடினமானதல்ல. ஆனால் அதில் சில வம்புகளும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் இருக்கிற நல்லுறவு கெட்டுவிடும்.

நம் ஊர் வியாபாரத்தின் போக்கு

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தின் வாடிக்கையாளர் மாறிக்கொண்டே வருகிறார். முன்பெல்லாம் கல்யாணச் சீர் பாத்திரம், பொங்கல் பானை, அறுவடைக் காலத்துத் தார்ப்பாய், கூடை என்று ஊர்க்காரர்களுக்கு விற்றோம். இன்றைக்கு வெளி மாவட்டத்திலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வேலைக்கு வந்து ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் தங்கும் பிள்ளைகளே பெரிய வாடிக்கையாளர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட குடியிருப்பு ஒன்றில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க இடம் இருக்கிறது. ஒரு பக்கெட், ஒரு மக், ஒரு பாய், தட்டு, டம்ளர், கொசுவலை, துணி காயப்போடக் கயிறு - வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே இவ்வளவும் வேண்டும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து அவர்கள் வெளியே வரும்போது நம் கடைகள் சாத்தியிருக்கும். கையில் போன் இருக்கிறது, பெரிய கம்பெனிக்கு ஆர்டர் போய்விடுகிறது. நாம் கடையில் உட்கார்ந்துகொண்டு வியாபாரம் மந்தம் என்கிறோம்.

கடைக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியாக இணையதளம் வைத்து, படம் எடுத்துப் போட்டு, டெலிவரிக்கு ஆள் வைப்பது நடக்கிற காரியமல்ல. மொத்த வியாபாரி ஒருவர் அதைச் செய்து, கடைக்காரர்கள் அனைவரும் அதே பக்கத்தைத் தங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டலாம். யார் காட்டி வந்த ஆர்டர் என்று தெரிந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும்.

புது வழக்கமல்ல

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வாங்க வரும் வெளியூர்க்காரரைக் கடைக்கு அழைத்து வரும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் கமிஷன் கொடுப்பது பழைய வழக்கம். வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததும் எந்த வண்டியில் வந்தார் என்று கவனித்து வைத்துக்கொண்டால்தான் பில் போட்ட பிறகு கணக்குப் பார்க்க முடியும். லிங்க்கில் போடும் குறியும் அந்த வண்டி நம்பர் மாதிரிதான்.

தபாலில் சரக்கு விற்றவர்களும் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். ஒரு பத்திரிகையில் கொடுக்கும் விளம்பரத்தில் விலாசத்தோடு இரண்டு எழுத்தைச் சேர்ப்பார்கள், இன்னொரு பத்திரிகையில் வேறு இரண்டு எழுத்து. வரும் கடிதத்தின் மேல் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்தால் எந்த விளம்பரம் பலன் தந்தது என்று தெரிந்துவிடும். அமெரிக்க விளம்பர நிபுணர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923ல் எழுதிய புத்தகத்தில், கூப்பனில் குறி போட்டு எண்ணிப் பார்க்காமல் விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்கக் கூடாது என்பதை வற்புறுத்தியிருக்கிறார். நூறு வருடம் ஆகிவிட்டது, நம்மில் பலர் இன்னமும் நோட்டீஸ் அடித்து வண்டியில் வீசிவிட்டுப் போகிறோம்.

குறி எப்படி இருக்கும்?

லிங்க் என்பது இணையதளத்தின் விலாசம். அந்த விலாசம் முடிந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதன் பின்னால் எதை வேண்டுமானாலும் எழுதலாம். கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது வாடிக்கையாளரைக் கடைக்குக் கொண்டு சேர்க்கும். பின்னால் இருப்பது கடைக்காரருக்கு மட்டும் சேதி சொல்லும். உதாரணமாக, ரெஃப் என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, அதன்பின் வல்லத்துக் கடைக்கு வி12, ஒரகடத்துக் கடைக்கு ஓ7. இரண்டு லிங்க்கும் ஒரே பக்கத்தைத்தான் திறக்கும். ஆனால் ஆர்டர் பதிவாகும்போது பக்கத்தில் வி12 என்றோ ஓ7 என்றோ சேர்ந்து விழும். இணையதளம் அமைத்துத் தருபவரிடம் இதைச் சொன்னால் செய்து கொடுப்பார்.

கூகுள் கம்பெனி இலவசமாகத் தரும் அனலிடிக்ஸ் கணக்கில் பார்க்க விரும்புகிறவர்கள் யூடிஎம் என்று தொடங்கும் குறிகளைப் பயன்படுத்தலாம். எங்கிருந்து வந்தார், எந்த வழியாக வந்தார், எந்த விளம்பரத்துக்காக வந்தார் என்று அதில் தனித்தனி இடம் உண்டு. யூ என்பது அர்ச்சின் என்ற அமெரிக்கக் கம்பெனியின் முதல் எழுத்து. 2005ல் அதை கூகுள் வாங்கிவிட்டது. கம்பெனி போயும் எழுத்து நிற்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினால் ஒரு கணக்கு, சிறிய எழுத்தில் எழுதினால் வேறு கணக்கு என்று அது பிரித்துவிடும். ஒரே ஆளின் வரவு இரண்டு பேரேட்டில் ஏறிய மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே எழுதுவது என்று வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

இணையதளமே இல்லாதவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். டபிள்யூஏ, புள்ளி, எம்ஈ, ஒரு சாய்கோடு, அதன்பின் 91 சேர்த்த உங்கள் போன் நம்பர். பிளஸ் குறியும் முன்னால் சைபரும் போடக்கூடாது. பிறகு கேள்விக்குறி, டெக்ஸ்ட் என்ற சொல், சமக்குறி, அதன்பின் நீங்கள் விரும்பும் வாசகம். வார்த்தைகளுக்கு இடையே இடம் விட வேண்டிய இடத்தில் சதவிகிதக் குறியும் 20ம் சேர்த்து எழுத வேண்டும். இந்த லிங்க்கைத் தொட்டால், 'ஹாஸ்டல் செட் வேண்டும், குறி வி12' என்று எழுதப்பட்ட செய்தி வாடிக்கையாளரின் போனில் தயாராக நிற்கும், அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும். அவர் அந்தக் குறியை அழித்துவிட்டும் அனுப்பலாம் என்பது உண்மைதான். அப்படிச் செய்பவர்கள் குறைவு. சந்தேகம் வந்தால் யார் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

இதே லிங்க்கை க்யூஆர் கட்டமாக அச்சடித்து மெஸ்ஸிலும் கடை வாசலிலும் ஒட்டலாம். வாரம் ஒரு முறை உங்கள் போனில் நீங்களே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டியதன் மேல் வேறொருவர் தம் கட்டத்தை ஒட்டிவிட்டுப் போகிற காலம் இது.

குறியாக யாருடைய பெயரையும் போன் நம்பரையும் வைக்காதீர்கள். லிங்க் கை மாறி ஊரெல்லாம் போகும். ஹாஸ்டல் வார்டன் அம்மாவின் நம்பர் அதில் இருந்தால் கண்டவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023ல் சட்டமே வந்திருக்கிறது. ஓர் எழுத்தும் எண்ணும் போதும். எந்தக் குறி யாருடையது என்ற பட்டியல் உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கட்டும்.

கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வரி நீங்கலாக ரூ.1,500 விலையுள்ள ஹாஸ்டல் செட் ஒன்றை மொத்த வியாபாரி கடைக்காரருக்கு ரூ.1,290க்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ரூ.210. அதே செட்டை மொத்த வியாபாரி நேரடியாக அனுப்பினால் அட்டைப் பெட்டி, பேக்கிங் கூலி, டெலிவரிப் பையனுக்கு என்று ரூ.110 போய்விடும். மிச்சம் ரூ.100. இதில் 5 சதவிகிதம், அதாவது ரூ.75 ஆள் அனுப்பிய கடைக்காரருக்கு. மொத்த வியாபாரிக்குக் கூடுதலாக ரூ.25.

கடையில் விற்றால் 210, லிங்க்கில் விற்றால் 75தானா என்று கேட்கலாம். கடையில் வரும் 210ல் வாடகை, கரண்ட், ஆள் சம்பளம், முடங்கும் முதல் எல்லாம் அடக்கம். இந்த 75ல் அவை எதுவுமில்லை. கடை சாத்திய பிறகு வரும் வியாபாரம் இது. ஆனாலும் நான் ஒன்று சொல்வேன். இணையதள விலை கடை விலையைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. மொத்த வியாபாரி அங்கே இருபது ரூபாய் குறைத்துப் போட்டால், குறி கொடுத்து, கமிஷன் கொடுத்து என்ன பயன்? வல்லத்துக் கடையில் பக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு லிங்க்கில் வாங்கிப் போவார்கள்.

ஒரு ஆர்டர், இரண்டு உரிமைக்காரர்கள்

வம்பு இனிமேல்தான். ஒரு பெண் திங்கட்கிழமை வல்லத்துக் கடைக்காரர் அனுப்பிய லிங்க்கைத் தொட்டுப் பார்க்கிறார். சம்பளம் வரட்டும் என்று விட்டுவிடுகிறார். புதன்கிழமை மெஸ்ஸில் ஒட்டியிருந்த கட்டத்தை போனில் பார்த்து ஆர்டர் போடுகிறார். கமிஷன் யாருக்கு? என்னிடம் வந்த வழக்கும் ஏறக்குறைய இப்படித்தான். கடைக்காரர், "முதலாளி, அந்தப் பொண்ணுக்கு அரை மணி நேரம் விளக்கிச் சொன்னவன் நான்" என்கிறார். மெஸ்காரர், "ஆர்டர் என் குறியில்தானே விழுந்திருக்கிறது?" என்கிறார். இருவர் சொல்வதும் நியாயம்தான்.

லிங்க்கைத் தொட்டவுடன் வாடிக்கையாளரின் போனில் குக்கி என்ற சிறு குறிப்பு பதிந்து நிற்கும். அதனால்தான் மதியம் பார்த்தவர் இரவு வாங்கினாலும் குறி மறப்பதில்லை. பிறகு வேறொரு லிங்க்கைத் தொட்டால், பெரும்பாலான ஏற்பாடுகளில் புதுக் குறி பழையதை அழித்துவிடும். கடைசியாகக் கதவைத் திறந்துவிட்டவருக்கே முழு கமிஷன் என்பதுதான் பெரிய கம்பெனிகளின் பொது வழக்கம். அமேசான் திட்டத்தில், லிங்க்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் சரக்கைக் கூடையிலாவது போட்டிருக்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள்.

கடைசி ஆளுக்கே எல்லாம் என்ற விதியில் ஒரு ஓட்டை உண்டு. உழைக்காமல் கடைசியில் வந்து நிற்பதையே தொழிலாகக் கொள்பவர்கள் முளைப்பார்கள். அமெரிக்காவில் ஈபே கம்பெனிக்கு இது நடந்தது. அந்தக் கம்பெனிக்கு மிக அதிகமாக ஆள் அனுப்புவதாகக் கருதப்பட்ட இரண்டு பேர், உண்மையில் யாரையும் அனுப்பவில்லை. வேறு எதையோ பார்க்க வந்தவர்களின் கம்ப்யூட்டரில் அவர்களுக்கே தெரியாமல் தங்கள் குறியைப் பதித்துவிட்டார்கள். அந்த மக்கள் பிற்பாடு தாமாக ஈபேயில் எதையாவது வாங்கினால் கமிஷன் இவர்களுக்குப் போகும். கோடிக்கணக்கான டாலர் போன பிறகுதான் கம்பெனி 2008ல் வழக்குப் போட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த இருவருக்கும் 2014ல் சிறைத் தண்டனை கிடைத்தது. இன்னொன்று, 2024 டிசம்பரில் எழுந்த விவகாரம். தள்ளுபடிக் கூப்பன் தேடித் தரும் ஹனி என்ற பிரபலமான சாதனம், வாடிக்கையாளர் பணம் கட்டும் நேரத்தில் பிறருடைய குறியை நீக்கித் தன் குறியைப் போட்டுக்கொள்கிறது என்பது குற்றச்சாட்டு. அதன் உடைமையாளரான பேபால் கம்பெனி, கடைசிக் குறிக்கே உரிமை என்ற தொழில் வழக்கப்படியே நடக்கிறோம் என்று பதில் சொன்னது. அந்தப் பதிலிலேயே விதியின் குறை தெரிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

நம் சிறு வட்டாரத்துக்கு, முதலில் காட்டியவருக்கே உரிமை என்ற விதிதான் பொருத்தம். சரக்கைப் பற்றி எடுத்துச் சொல்லி நம்பிக்கை உண்டாக்குபவர் முதல் ஆள்தான். ஆனால் அதற்குக் கெடு வேண்டும். இல்லாவிட்டால் முந்திக்கொள்வதற்காக ஒருவர் ஹாஸ்டல் முழுவதற்கும் லிங்க்கை வாரி இறைத்துவிட்டு வருடக்கணக்கில் பாத்தியதை கொண்டாடுவார். ஏழு நாள் என்று நான் வைத்திருக்கிறேன். ஏழு நாளுக்குள் ஆர்டர் வந்தால் முதல் குறிக்கு கமிஷன், தாண்டிவிட்டால் அடுத்த குறிக்கு. மேற்படி வழக்கில் கடைக்காரருக்குக் கிடைத்தது. மெஸ்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டார். விதி எதுவாக இருந்தாலும் குறி கொடுக்கிற அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது உத்தமம். இணையதளம் அமைப்பவரிடமும் முதல் குறியா, கடைசிக் குறியா, எத்தனை நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வழக்கம் போல் கடைசிக் குறியையே வைத்துவிட்டுப் போவார்.

ஒரு போனில் லிங்க்கைப் பார்த்துவிட்டு, அக்காள் போனில் ஆர்டர் போட்டால் குக்கி உதவாது. இதற்காகத்தான் வாயால் சொல்லக்கூடிய கூப்பன் சொல் ஒன்றையும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் தருவது நல்லது. அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு பாத்திரம் துலக்கும் நார் இலவசம் என்று வைத்தால் வாடிக்கையாளர் மறக்காமல் சொல்வார்.

சொந்த உபயோகத்துக்குத் தன் குறியிலேயே வாங்கி கமிஷன் எடுப்பதை அமேசான் அனுமதிப்பதில்லை. நாமும் அப்படியே வைக்கலாம். சரக்கு திரும்பி வந்தால் கமிஷன் இல்லை என்பதையும் தாளில் சேர்க்க வேண்டும். திருப்பும் கெடு முடியும் முன் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்பது சங்கடம்.

ஒளிவு மறைவு வேண்டாம்

போனில் வீடியோ எடுத்துப் போட்டு லிங்க் கொடுக்கும் இளைஞர்கள் நம் பகுதியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறி கொடுத்தால், இதில் எனக்கு கமிஷன் உண்டு என்பதை அவர்கள் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022ல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள் இதைக் கோருகின்றன. ஹாஸ்டல் வார்டன் போன்றவர்களுக்குக் கொடுக்கும்போதும் யோசிக்க வேண்டும். தங்கியிருக்கும் பிள்ளைகள் மீது அதிகாரம் உள்ளவர், இங்கேதான் வாங்க வேண்டும் என்று நிர்ப்பந்தித்தால் கெட்ட பெயர் நமக்குத்தான் வரும். நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் வார்டன்களுக்கு நான் குறி கொடுப்பதில்லை.

கணக்கும் வரியும்

குறிகளுக்கென்று தனிச் சிட்டை ஒன்று போதும். தேதி, குறி, பில் நம்பர், வரி நீங்கலான தொகை, திரும்பியதா இல்லையா, கமிஷன். கடைக்காரர் எப்பொழுது வேண்டுமானாலும் தம் குறிக்குரிய வரிகளைப் பார்க்கலாம் என்று வையுங்கள். பார்க்க மாட்டார்கள், ஆனால் பார்க்கலாம் என்ற எண்ணமே போதும். நோட்டீஸ், ஆட்டோ விளம்பரம் இவற்றுக்கும் ஒவ்வொரு குறி கொடுத்துவிட்டால், ரூ.1,200 செலவழித்து அடித்த நோட்டீஸுக்கு ஆறு ஆர்டர் வந்ததா, அறுபது வந்ததா என்பதும் அதே சிட்டையில் தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்காரர் கமிஷனுக்கு 18 சதவிகித வரியுடன் பில் கொடுக்க வேண்டும். மொத்த வியாபாரி அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வரி வசூலிக்க முடியாது. அவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்ள வேண்டும். முந்தைய நிதியாண்டில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள வியாபாரி, கமிஷன் கொடுக்கும்போது வருமான வரி பிடிக்க வேண்டும். 1961ஆம் வருடச் சட்டத்தின் 194எச் பிரிவில் 5 சதவிகிதமாக இருந்த இந்தப் பிடித்தம் 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.15,000 என்றிருந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் ரூ.20,000 ஆயிற்று. பான் நம்பர் தராதவருக்கு 20 சதவிகிதம் பிடிக்க வேண்டிவரும். 2025ஆம் வருடப் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாள் என்பதால் பிரிவு எண்களில் மாற்றம் உண்டு. அடுத்த சரக்கு பில்லில் கழித்துக்கொள்கிறோம், ரொக்கமாகக் கொடுக்கவில்லையே என்று சிலர் சொல்கிறார்கள். பேரேட்டில் வரவு வைத்தாலே கமிஷன் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

நான் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, போன மாதத்து ஆர்டர்களில் திருப்பும் கெடு முடிந்தவற்றுக்கு மட்டும் கணக்கு முடித்து, குறிவாரியாகத் தாள் எழுதி, சரக்கு வண்டியிலேயே கடைகளுக்கு அனுப்பிவிடுகிறேன்.